ரவிவர்மா நினைவாகச் செட்டிநாட்டில் ஒரு சைக்கிள் பயணம்: நடத்துவது எப்படி

செட்டிநாட்டு வீட்டுக்குள் போகிறவர்கள் முதலில் தேக்குத் தூணைத் தடவிப் பார்ப்பார்கள், அப்புறம் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைப் பார்ப்பார்கள். நன்றாக அண்ணாந்தால்தான் அந்தப் படங்கள் கண்ணில் படும். வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றிக் கதவு நிலைகளுக்கு மேலே, கீழே நிற்பவருக்குத் தெரிகிற மாதிரி முன்பக்கம் சாய்த்து வரிசையாக மாட்டியிருப்பார்கள். தாமரையில் நிற்கிற லட்சுமி, பாறையில் உட்கார்ந்து வீணை வாசிக்கிற சரஸ்வதி, அன்னத்திடம் சேதி கேட்கிற தமயந்தி. கேரளத்துக் கிளிமானூரில் பிறந்த ஒருவர் வரைந்து, பம்பாய்ப் பக்கம் கல்லில் அச்சாகி, இங்கே வந்து சேர்ந்த படங்கள். மாட்டிய ஆணியிலிருந்து இறக்காமலே மூன்று தலைமுறை பார்த்துவிட்ட வீடுகள் உண்டு.

அந்த ராஜா ரவிவர்மாவுக்காக வருடத்தில் ஒரு நாள் நாங்கள் சைக்கிளில் ஊர் ஊராகப் போகிறோம். படங்களுக்கு முன்னால் நிற்கிறோம், அவர் வாழ்க்கையைத் துண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டே வருகிறோம். எங்கள் ஊரிலும் இப்படி ஒன்று செய்யலாமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இது வேகப் போட்டியாக மாறினால் எல்லாம் போச்சு. படத்துக்கு முன்னால் நிற்கும் நேரம்தான் நிகழ்ச்சி, மற்ற ஏற்பாடெல்லாம் அந்த நேரத்துக்காகத்தான். அப்படியென்றால் வேன் பிடித்துப் போகலாமே என்று கேட்பார்கள். வேனில் பத்து நிமிடத்தில் அடுத்த வீட்டு வாசலில் இறங்கிவிடுவோம், முந்தின வீட்டில் பார்த்தது அதற்குள் மறந்துபோகும். சைக்கிளில் போனால் அரைமணி நேரம் காத்து வாங்கிக்கொண்டு அந்த முகத்தையே நினைத்துக்கொண்டு போகலாம்.

எந்த நாள்

ரவிவர்மா பிறந்தது 1848 ஏப்ரல் 29, இறந்தது 1906 அக்டோபர் 2. பிறந்த நாள்தானே பொருத்தம் என்று முதல் வருடம் ஏப்ரலில் வைத்தோம், அது தப்பு. சித்திரை வெயிலில் ஒன்பது மணிக்கே தார் ரோட்டிலிருந்து அனல் முகத்தில் அடித்தது, கல்லூரிப் பையன் ஒருவன் மயங்கி உட்கார்ந்துவிட்டான், மூன்றாவது வீட்டுக்குப் போகாமலே திரும்பினோம். அதற்குப் பிறகு அக்டோபர் 2தான்.

அந்த நாளில் வசதிகள் நிறைய. காந்தி ஜெயந்தி என்பதால் எல்லோருக்கும் விடுமுறை, டாஸ்மாக் கடைகள் மூடியிருப்பதால் ரோடும் அமைதியாக இருக்கும். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அந்த மாதம் பாதிக்கு மேல்தான் பிடிக்கும். அதற்கு முன்னால் வருகிற மழை சாயங்காலம் இடி மின்னலோடு வந்து போகிறது, நாம் நண்பகலுக்குள் முடித்துவிட்டால் கவலை இல்லை. கறிக்கடை இருக்காது, அதனால் மதியம் சைவச் சாப்பாடு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், செட்டிநாடு என்றதும் வெளியூர்க்காரர்கள் கோழியை நினைத்துக்கொண்டு வருவார்கள். சில வருடங்களில் நவராத்திரியும் ஒட்டியே வரும். அப்போது ஆயுத பூஜைக்குக் கழுவித் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்த சைக்கிள்களில் போய் ரவிவர்மாவின் சரஸ்வதியைப் பார்ப்போம். அந்த வருடங்கள் எனக்கு ரொம்பப் பிடித்தவை.

வீடுகளைக் கேட்பது

இதுதான் பெரிய வேலை. இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். இங்கே நிறைய வீடுகள் வருடத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கும். சொந்தக்காரர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள், கல்யாணம், படைப்பு, பொங்கல் என்றால் வருவார்கள். ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் இருப்பார்கள், ஒருவர் சரி என்றால் போதாது. வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணனிடம் முதலில் பேசுங்கள், யாரிடம் கேட்டால் மற்றவர்களுக்கும் சொல்வார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். அப்புறம் போனில் பேசிவிட்டு, ஒரு கடிதமும் எழுதிக் கொடுங்கள்: எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், சைக்கிள்களை எங்கே நிறுத்துவோம், படம் எடுப்போமா மாட்டோமா. இந்த ஐந்தும் அதில் இருந்தால் தயங்குகிறவர்கள்கூட இறங்கி வருவார்கள்.

நாங்கள் பட்ட ஒரு அவமானத்தையும் சொல்கிறேன். ஒரு வீட்டில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் உள்ளே போனோம். வியர்வையும் செம்மண்ணுமாக வளவு முழுக்கக் கால்தடம், அதோடு எங்கள் ஆள் ஒருவர் முகப்புச் சுவரில் சைக்கிளைச் சாய்த்து வைத்ததில் ஹேண்டில்பார் பட்டுக் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்த அந்தச் சுண்ணாம்புப் பூச்சில் நீளமாக ஒரு கீறல். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்துப் பூசிய சுவர், அதைச் சரிசெய்கிற கொத்தனார்கள் இன்றைக்குக் கொஞ்சம் பேர்தான். அந்த வீட்டு ஆச்சி ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது. அதிலிருந்து எங்கள் விதி: சைக்கிள் தெருவிலேயே ஸ்டாண்டு போட்டு நிற்கும், ஒருவர் காவல் இருப்பார். உள்ளே ஒரு தடவைக்கு பதினைந்து பேர். செருப்பு மட்டுமல்ல, முதுகுப் பையும் திண்ணையிலேயே இருக்க வேண்டும், காலைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் படி ஏற வேண்டும்.

சாமி அறையைக் காட்டுங்கள் என்று நாமாகக் கேட்கக் கூடாது. ஆச்சி கூப்பிட்டால் போகலாம், கேமராவை வெளியே வைத்துவிட்டு. ஃபிளாஷ் எங்கேயும் வேண்டாம், அந்தக் காகிதத்துக்கும் சாயத்துக்கும் வெளிச்சம்தான் முதல் எதிரி. யாராவது ஒரு பைனாகுலர் கொண்டுவந்தால் நல்லது. படங்கள் அவ்வளவு உயரத்தில் இருக்கின்றன, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாலும் விரல் நுனியின் அழகு தெரியாது.

தனியார் வீடு எதுவும் கிடைக்கவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். ஆத்தங்குடி பெரிய வீட்டில் கட்டணம் கட்டி உள்ளே போகலாம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன, வீடு பிரித்தபோது வந்த பழைய சாமி படங்களை அங்கே கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். வாங்குகிற எண்ணம் இல்லை என்பதை முதலிலேயே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

எது ரவிவர்மா அச்சு

பழைய படம் எல்லாம் ரவிவர்மா படம் என்று இங்கே சொல்லிவிடுவார்கள். அவர் பாணியில் பின்னால் பலர் வரைந்தார்கள், பல அச்சகங்கள் அச்சடித்தன. சட்டத்துக்குள் அடி ஓரம் மறையாமல் இருந்தால் அங்கே ரவிவர்மா அச்சகத்தின் பெயரும் ஊர்ப் பெயரும் சிறிய எழுத்தில் இருக்கும், லோனாவாலா, கார்லா, மலவ்லி என்கிற மாதிரி. ஓரம் மறைந்திருந்தால் சட்டத்தைக் கழற்றச் சொல்லாதீர்கள். கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். கல்லச்சு என்றால் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் மணல் தூவினது போல இருக்கும், இந்தக் கால ஆஃப்செட் மறுபதிப்பு என்றால் புள்ளிகள் வரிசை பிடித்து நிற்கும். பிள்ளைகளிடம் கண்ணாடியைக் கொடுத்துவிட்டால் போதும், அவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

இங்கே மட்டும் ஊன்றிப் பார்க்க வேண்டிய இன்னொன்று உண்டு. அச்சுப் படத்தின் மேலேயே பட்டுத்துணி, சரிகை, ஜிகினா, மணி எல்லாம் ஒட்டி, லட்சுமிக்கு நிஜமாகவே சேலை கட்டிவிட்டது போலச் செய்திருப்பார்கள். பல ஊர்ச் சுவர்களில் ஒரே மாதிரி தொங்கிய ஒரு அச்சுப் படத்தை, கைவேலை செய்து தன் வீட்டு லட்சுமியாக ஆக்கிக்கொண்டார்கள். இந்தப் படம் இருக்கிற வீடு கிடைத்தால் மற்ற எதையும் குறைத்துக்கொண்டு அங்கே கூடுதலாக நில்லுங்கள்.

பாதையும் சைக்கிளும்

எங்கள் வழக்கமான பாதை காரைக்குடியில் தொடங்கிக் கோட்டையூர், பள்ளத்தூர் வழியாகக் கானாடுகாத்தான். போக சுமார் 15 கிலோமீட்டர். தெம்பு உள்ளவர்கள் அங்கிருந்து ஆத்தங்குடி போய்ச் சுற்றிக்கொண்டு காரைக்குடி திரும்பலாம், எல்லாம் சேர்த்து 40க்குக் கொஞ்சம் முன்னே பின்னே வரும். மற்றவர்கள் வந்த வழியே திரும்பலாம். காலை ஐந்தே முக்காலுக்குச் சேர்ந்து ஆறு மணிக்குக் கிளம்புங்கள், மணிக்கு பன்னிரண்டு கிலோமீட்டர் வேகம் தாராளம். ஒரு வாரம் முன்னால் இரண்டு பேர் அதே நேரத்தில் பாதை முழுக்க ஓட்டிப் பாருங்கள், எங்கே ரோடு தோண்டிக் கிடக்கிறது, எங்கே டீக்கடை அந்த நேரத்துக்குத் திறக்கும், எங்கே கழிப்பறை இருக்கிறது என்று. பெண்கள் நிறையப் பேர் வர வேண்டும் என்று நினைத்தால் இந்தக் கடைசி விஷயத்தை எழுதியே காட்டுங்கள்.

பெண்கள் என்றதும் ஒன்று. பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் அப்போதுதான் ஓட்டக் கற்றார்கள். அந்தத் தலைமுறை அக்காக்கள் இன்றும் இருக்கிறார்கள், அவர்களைத் தேடிக் கூப்பிடுங்கள். எங்களோடு வருகிற ஒரு அக்காவுக்குப் படம் பார்ப்பதைவிட நாற்பது பேரோடு ரோட்டில் போவதுதான் சந்தோஷம். அதுவும் சரிதான், வரட்டும்.

சைக்கிள் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, கியர் வேண்டாம், தரை ஏறக்குறைய சமம். முந்தின நாளே பிரேக் கட்டை, செயின், காத்து மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இங்கே உண்மையான எதிரி சீமைக்கருவேல முள். ரோட்டை விட்டு மண்ணில் இறக்கினால் பஞ்சர் நிச்சயம், நிழலுக்கு ஒதுங்கும்போதுகூடச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போங்கள். பஞ்சர் ஒட்டுகிற ஒருவரைக் கூலி கொடுத்தே கூட அழைத்து வந்துவிடுவது நல்லது. அவரோடு ஒரு குட்டி யானை வண்டி பின்னால் வந்தால் ஓட்ட முடியாதவரையும் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளலாம், தண்ணீர் கேனும் அதிலேயே இருக்கும். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர், இருவர் கழுத்திலும் விசில். முன்னால் போகிறவரை யாரும் தாண்டக் கூடாது, கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. பெரிய ரோட்டில் ஒற்றை வரிசை. காவல் நிலையத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கிளம்பும்போது வாழைப்பழம், எட்டு மணிக்கு இட்லியும் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும், நடுவில் உப்பு போட்ட நீர்மோர்.

வாழ்க்கையை எப்படிச் சொல்வது

ஒரே இடத்தில் நிற்கவைத்து ஒரு மணி நேரம் பேசினால் யாருக்கும் ஏறாது. ரவிவர்மாவின் வாழ்க்கையை நிறுத்தத்துக்கு ஒரு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றையும் வேறு ஒருவர் சொல்லட்டும், ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது.

கிளம்பும் இடத்தில் கிளிமானூர். சிறு பையனாகக் கரித்துண்டால் சுவரில் கிறுக்கியதைப் பார்த்து மாமா ராஜ ராஜ வர்மா கண்டிக்காமல் சொல்லிக்கொடுத்தார் என்பார்கள். பதினான்கு வயதில் திருவனந்தபுரம், ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவு.

அடுத்த துண்டு நமக்கு நெருக்கமானது, அதை அவசரப்படாமல் சொல்லுங்கள். எண்ணெய் வண்ணத்தில் வரையத் தெரிந்த அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் இந்த இளைஞனுக்குச் சொல்லித்தர மறுத்துவிட்டார். அவரிடம் இருந்த ஆறுமுகம் பிள்ளைதான் யாருக்கும் தெரியாமல் அந்த நுட்பத்தைக் காட்டிக்கொடுத்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1868இல் தியோடர் ஜென்சன் என்ற வெளிநாட்டு ஓவியர் அரண்மனைக்கு வந்தபோது, அவரும் பக்கத்தில் நின்று பார்க்க விட்டாரே தவிர உட்காரவைத்துக் கற்பிக்கவில்லை. முறையாகக் கற்பிக்க ஆள் இல்லாமல், பார்த்தும் கெடுத்தும் திரும்ப வரைந்தும் கற்ற மனிதர். இதைக் கேட்கிற பிள்ளைகளின் முகத்தை நான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். ஆறுமுகம் பிள்ளையின் பெயரை ஒருவராவது திரும்பக் கேட்பார்கள்.

பள்ளத்தூரில் 1873ஐச் சொல்வோம். கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணை வரைந்த படத்துக்குச் சென்னையில் பரிசு, அதே வருடம் வியன்னா கண்காட்சியிலும் பதக்கம். 1893இல் சிகாகோவுக்குப் பத்துப் படங்கள் போயின. இதெல்லாம் சட்டென்று சொல்லி முடித்துவிடலாம். தம்பி சி. ராஜ ராஜ வர்மாவை மட்டும் விட்டுவிடாதீர்கள், கூடவே பயணம் செய்து, கணக்கு பார்த்து, அண்ணன் படங்களில் பின்னணிக் காட்சிகளை வரைந்தவர். தங்கை மங்களா பாயும் ஓவியர்தான்.

கானாடுகாத்தான் வந்ததும் அச்சகம். இதற்கு ஒரு வீட்டுத் திண்ணையோ, 1912இல் கட்டிய அரண்மனைக்கு எதிரே ஒரு மரநிழலோ போதும். திருவிதாங்கூரில் திவானாக இருந்த மாதவ ராவ் படங்களை அச்சில் கொண்டுவரலாமே என்று சொன்ன யோசனை, 1894இல் பம்பாயில் அச்சகமாக நின்றது. ஜெர்மனியிலிருந்து இயந்திரம், தொழில் தெரிந்த ஆட்கள். ஒரு நிறத்துக்கு ஒரு கல். சிவப்புக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று, உடம்பின் நிறத்துக்கே இரண்டு மூன்று என்று ஒரே தாளை மறுபடி மறுபடி இம்மி பிசகாமல் வைத்து அழுத்த வேண்டும், கடைசியில் வார்னிஷ். முதலில் வந்தது சகுந்தலையின் பிறப்பு, 1896இல் வரைந்த லட்சுமியும் சரஸ்வதியும் அப்புறம் எங்கும் பரவின. பம்பாயில் பிளேக், பணக் கஷ்டம், அச்சகம் லோனாவாலா பக்கம் இடம் மாறியது, பின்னால் ஃப்ரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மன்காரர் கைக்குப் போனது. பர்மாவிலும் மலேயாவிலும் சம்பாதித்து நம் ஊரில் வீடு மேல் வீடாக எழுந்ததும் ஏறக்குறைய அதே காலம்தான். தேக்கும் பெல்ஜியம் கண்ணாடியும் வந்த வீட்டுக்குள்ளேயே ரவிவர்மாவின் தாளும் வந்து சேர்ந்தது.

சொல்கிறபோது நல்லதை மட்டும் சொல்லாதீர்கள். கலை வரலாற்று அறிஞர் ஆனந்த குமாரசாமி போன்றவர்கள் இவர் படங்களை நாடகத்தனம் என்று கடுமையாகவே விமர்சித்தார்கள். தெய்வங்களுக்கு ஒரே வகை முகமும் ஒரே வகை நிறமும் வந்துவிட்டதே என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. எங்கள் கூட்டத்திலும் வருடா வருடம் இது வாக்குவாதமாகும், நடக்கட்டும் என்று விட்டுவிடுவோம். என் மனதுக்குப் பட்டது, கோவிலுக்குள் விடப்படாதவர்களும் தங்கள் வீட்டுச் சுவரில் ஒரு லட்சுமியை மாட்டிக்கொள்ள அந்த அச்சுக்கல் வழிசெய்தது, அதற்கு முன்னால் மற்ற குறைகள் எனக்குச் சிறியதாகத்தான் தெரிகின்றன.

பென்சிலும் ஒரு அட்டையும்

ஒவ்வொருவரும் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கொண்டுவர வேண்டும். ஏதாவது ஒரு படத்துக்கு முன்னால் பத்து நிமிடம் யாரும் பேசாமல், முழுப் படத்தை அல்ல, ஒரே ஒரு கையை வரைய வேண்டும். சரஸ்வதி என்றால் நான்கு கை, இரண்டு வீணையில், ஒன்றில் சுவடி, ஒன்றில் ஜபமாலை. எந்தக் கையை எடுக்கலாம் என்று தேர்ந்தெடுக்கிறபோதே படத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். பக்கத்தில் நிற்பது மயில் என்பதை, அன்னத்தை எதிர்பார்த்து வந்த பெரியவர்கள்தான் கடைசியில் கவனிப்பார்கள்.

இன்னொரு ஏற்பாடு. ரவிவர்மாவின் ஓவியங்களுக்கு இப்போது காப்புரிமை கிடையாது, யார் வேண்டுமானாலும் அச்செடுக்கலாம். ஓட்டுபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு ஓவியம், ஏ4 அட்டையில் அச்செடுத்து, பின்பக்கம் பெயரும் வருடமும் எழுதி ஹேண்டில்பாரில் கட்டிவிடுங்கள். ஃபிளெக்ஸ் பேனர் வேண்டாம், அட்டையே போதும். வழியில் டீக்கடைக்காரர், பஸ்ஸுக்கு நிற்பவர், ஆடு மேய்க்கிற தாத்தா எல்லோரும் இது யார் என்று கேட்பார்கள், அட்டை வைத்திருப்பவர் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும். அதனால் தாமதமாகும், நேரத்தைக் கணக்குப் போடும்போதே அரைமணி சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி நிறுத்தத்தில் எல்லா அட்டைகளையும் கழற்றித் திண்ணையில் வருட வரிசைப்படி அடுக்குங்கள். யார் முன்னால் யார் பின்னால் என்று நாற்பது பேரும் குனிந்து தேடும்போது, இருபத்தைந்து வயதில் வரைந்ததும் ஐம்பதில் வரைந்ததும் பக்கத்துப் பக்கத்தில் வரும். அந்த இடத்தில் பேச்சாளர் தேவையில்லை.

மூலப் படம் ஒன்றையாவது பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே யாராவது கேட்பார்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்திலும் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையிலும் நிறைய. அதற்கு ரயிலில்தான் போக வேண்டும், ஆர்வம் ஆறுவதற்குள் அங்கேயே பெயர் எழுதி வாங்கிவிடுங்கள்.

மறுநாள் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பிள்ளைகள் வரைந்த கைகளில் நல்லதாக இரண்டு மூன்றைப் பிரதி எடுத்து, வீடு திறந்துவிட்ட ஒவ்வொருவருக்கும் நன்றிக் கடிதத்தோடு அனுப்புங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணனுக்குத் தனியாக ஒன்று. போன வருடம் போனபோது, நாங்கள் அனுப்பிய பென்சில் கை ஒன்று திண்ணைச் சுவரில் அவர் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்தது.